60 வருஷப் பழைய ஸ்பீக்கருக்கு இன்னும் ஏன் கிராக்கி? ஆடியோ பிரியர்கள் கொண்டாடும் 4 கிளாசிக்குகள்!

போன் வாங்கி மூணு வருஷம் ஆனாலே பழசு. டிவி என்றால் ஏழெட்டு வருஷம். ஆனால் 1957-ல் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்பீக்கரை இன்றும் தேடிப் பிடித்து வாங்கி, பழுது பார்த்து, பாட்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் பழைய ஞாபகத்துக்காகத்தானா? இல்லை, நிஜமாகவே அதில் விஷயம் இருக்கிறதா? காசு கொடுத்து வாங்கலாமா? பார்ப்போம்.

ஸ்பீக்கர் மட்டும் ஏன் சீக்கிரம் பழசாவதில்லை?

உங்கள் வீட்டு புளூடூத் ஸ்பீக்கரைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக இருப்பவை காந்தம், கம்பிச்சுருள், கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் அதை முன்னும் பின்னும் தள்ளும். அதோடு ஒட்டியிருக்கும் கூம்பு காற்றை அசைக்கும். அதுதான் நம் காதில் விழும் சத்தம்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவரும் 1925-ல் விளக்கிய அமைப்பு இது. நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் ஒழுங்காகச் செய்த ஸ்பீக்கர் இன்றும் போட்டி போடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கிளாசிக் என்று பெயரெடுத்த ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. மற்றதில் அது சுமார்தான்!

1. ஏஆர்-3 (அமெரிக்கா, 1958)

அந்த நாளில் நல்ல பேஸ் வேண்டும் என்றால் பீரோ சைஸில் பெட்டி வேண்டும். எட்கர் வில்ச்சர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து கூம்பைப் பழைய இடத்துக்கு இழுக்கும். அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்தே ஆழமான பேஸ் வந்தது. அவரும் ஹென்றி கிளாஸும் 1954-ல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் முதலில் ஏஆர்-1, பிறகு ஏஆர்-3 என்று கொண்டுவந்தது.

விளம்பரத்துக்கு அவர்கள் செய்தது செம ஐடியா. மேடையில் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் கலைஞர்கள் வயலின் வாசிப்பார்கள். நடுவில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, வாசிப்பது போல நடிப்பார்கள். அப்போது ஒலிப்பது ஸ்பீக்கர். எங்கே மாறியது என்று கூட்டத்தில் பலருக்குத் தெரியவே இல்லை.

குறை: இதை நன்றாகப் பாட வைக்க சக்தி வாய்ந்த ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

2. குவாட் இஎஸ்எல் (இங்கிலாந்து, 1957)

இதில் கூம்பும் கிடையாது, சுருளும் கிடையாது. துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று. அதில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம். பாட்டின் சிக்னல் தகடுகளுக்கு வரும்போது படலம் முன்னும் பின்னும் அசையும். படலத்துக்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் சத்தம் நின்றதும் அதுவும் சட்டென்று நின்றுவிடும். மனிதக் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். பீட்டர் வாக்கர் உருவாக்கிய இந்த மாடல் 1985 வரை தயாரிப்பில் இருந்தது.

குறை: அதிக சத்தம் வைத்தால் உள்ளே மின்பொறி பறந்து பேனல் பாழாகும். நேர் எதிரே உட்கார்ந்தவருக்குத்தான் முழு சுகம்.

3. பிபிசி எல்எஸ்3/5ஏ (இங்கிலாந்து, 1970-கள்)

வெளியிடங்களுக்குப் போய் ஒலிபரப்பும் பிபிசி வேன்களில் இடம் குறைவு. ஆனால் பேசுபவரின் குரல் சரியாகப் பதிவாகிறதா என்று அங்கேயே கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதற்காக பிபிசி பொறியாளர்களே வடிவமைத்தது இது. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் எனப் பல நிறுவனங்கள் உரிமம் வாங்கி, பிபிசி வகுத்த அளவுகளின்படி தயாரித்தன.

குறை: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் வராது. குத்துப்பாட்டுக்கு இது ஆள் இல்லை!

4. யமஹா என்எஸ்-10 (ஜப்பான், 1978)

வீட்டு உபயோகத்துக்கு வந்து, அங்கே வரவேற்பு கிடைக்காமல் போன ஸ்பீக்கர். ஆனால் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் மிக்ஸிங் மேஜை மேல் உட்கார்ந்தபோது அதன் கதையே மாறியது. பாட்டில் இருக்கும் தப்பை இது மறைக்காது, எடுத்துக் காட்டிவிடும். இதில் கேட்க நன்றாக இருந்தால் எதில் போட்டாலும் நன்றாக இருக்கும் என்று சவுண்ட் இன்ஜினியர்கள் நம்பினார்கள். கூர்மையான சத்தத்தைக் குறைக்க, ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வேலை பார்த்தவர்களும் உண்டு!

வெள்ளைக் கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் போனதால் 2001-ல் தயாரிப்பு நின்றது. 2008-ல் இந்த ஸ்பீக்கருக்காக யமஹாவுக்கு டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

சரி, பழசு வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* கூம்பின் ஓரத்தில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள். 70, 80-களில் பல மாடல்களில் இது ஃபோம். 15, 20 வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். துணி, ரப்பர் என்றால் ஆயுள் அதிகம். ஃபோமை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

* கூம்பை விரல்களால் சீராக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் இடம் மாறியிருக்கிறது. (குவாட் இஎஸ்எல்லை மட்டும் திறக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது உயர் மின்னழுத்தம்.)

* உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களும் வயதானால் மதிப்பு மாறும். ஏதாவது மாற்றப்பட்டதா, ஒரிஜினல் பாகமா என்று கேளுங்கள்.

* நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, இரண்டு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகப் போட்டுக் கேளுங்கள். இரண்டிலும் குரல் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அப்போ, பழசுதான் பெஸ்ட்டா?

அப்படிச் சொல்ல முடியாது. சத்தம், பேஸ் இரண்டிலும் இன்றைய நல்ல ஸ்பீக்கர்கள் இவற்றைத் தாண்டிவிடும். நீங்கள் அதிகம் கேட்பது குரலும் வயலினுமா, அதிரும் பீட்டா என்பதைப் பொறுத்ததுதான் பதில். பீட் என்றால் புதுசுக்கே போங்கள். குரல்தான் முக்கியம், ஆனால் பழைய பாகங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால், எல்எஸ்3/5ஏ இன்றும் உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து புதிதாகவே வருகிறது. "கிளாசிக்" என்ற பேருக்காக மட்டும் பணத்தைக் கொட்ட வேண்டாம். உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்ட பிறகு பர்ஸைத் திறங்கள்!