தாதி மாணவர்க்குப் பட்ட கடன்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி மாலை 5 மணிக்கு, கோவிட் நோயாளிகளைப் பராமரித்தோரை வாழ்த்தித் தேசத்தார் வாசலில் நின்று கை தட்டினோம். உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வருஷத்தையே தாதியர் வருஷமென்று பிரகடனம் செய்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைந்த வருஷம் அது. கைதட்டல் நல்லதே, ஆயினும் அதனால் கடன் தீர்ந்துவிடாது.

மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு தொடங்கிற்று. கலாசாலைகள் மூடப்பட்டன, தாதி மாணவர்கள் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் பாடம் கேட்டனர். சட்டத்தைப் புஸ்தகத்திலே படித்துவிடலாம். நோயாளியை நோகாமல் புரட்டிப் படுக்க வைப்பதையும், மூச்சுத் திணறுகிறவன் முகம் பார்த்து ஆபத்தை அறிவதையும் திரையிலே கற்க முடியுமா? கையால் வரும் வித்தைக்கு நோயாளியின் கட்டிலே பள்ளிக்கூடம்.

பிறகு இரண்டாம் அலை வந்தது. 2021 மே 3-ந் தேதி பிரதமர் காரியாலயம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இறுதிப் பரீக்ஷைக்குக் காத்திருந்த தாதி மாணவரையும், மூத்த ஆசிரியர் மேற்பார்வையில், முழுநேரக் கோவிட் பணிக்கு அமர்த்தலாம் என்றது. தடுப்பூசியும் இன்ஷூரன்ஸும் உண்டென்றது; 100 நாள் பணி செய்தோர்க்கு அரசாங்க நியமனங்களில் முன்னுரிமை தருவதாகவும் கூறிற்று.

அம்மாணவர் பயந்தார்கள் என்று சிலர் குறை கூறுவர். பயந்தது மெய்யே. வீட்டில் முதிய பெற்றோரை உடையவர் பயப்படாதிருப்பரோ? பயமும் கடமையுணர்ச்சியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும். பயத்தைத் தணிப்பது உபதேசமன்று. பயிற்சியும், தக்க கவச உடையும், அருகில் நிற்கும் ஆசிரியருமே. துப்பாக்கி பிடிக்கப் பழக்காமல் சிப்பாயைப் போர்முனைக்கு அனுப்புவாருண்டோ?

இங்கிலாந்தில் 2020-ம் வருஷம், படிப்பின் கடைசி ஆறு மாதத்திலிருந்த மாணவர்கள் இஷ்டப்பட்டால் மட்டுமே சம்பளத்துடன் ஆஸ்பத்திரிப் பணியில் சேர்ந்தனர். அப்பணி பயிற்சிக் கணக்கிலும் சேர்ந்தது. சம்மதம், சம்பளம், படிப்பு ஆகிய மூன்றையும் காப்பதே நியாயமான முறை.

உலகில் 59 லக்ஷம் தாதியர் குறைவு என்று சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கணக்கிட்டது. தாதியரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதனாலேயே போலும், அவர்கள் உழைப்பைத் 'தியாகம்' என்று புகழ்ந்து கூலியைக் குறைப்பது எளிதாயிருக்கிறது!

இன்னொரு கொள்ளை நோய் வாராதென்று எவரும் உறுதி கூற முடியாது. அது வருமுன்னரே இம்மூன்றையும் ஸர்க்கார் விதியாக எழுதிவைக்க வேண்டும். தேசபக்தர்கள் இதைக் கேட்டு வாங்குவார்களாக. கைதட்டலை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.