ரயில் போன பாதையில் புதையல் வேட்டை: ராஜபாளையம் பக்கம் ஜியோகேச்சிங் விளையாட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சைக்கிள் மிதித்துப்போய், ஒரு டீ குடித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினால் ஏறக்குறைய 25 கி.மீ. ‘இதோட ஒரு புதையல் வேட்டையும் சேர்ந்தா எப்படி இருக்கும்?’ என்று நினைப்பவர்களுக்கான விளையாட்டுதான் ஜியோகேச்சிங்.

அது என்ன ஜியோகேச்சிங்?

ஒருவர் சின்ன டப்பாவுக்குள் நோட்டு ஒன்றைப் போட்டு, வெளியிடத்தில் மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் பதிவிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். மூலம் தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே பணமோ நகையோ இருக்காது. தேடுவதில்தான் சுவாரஸ்யமே!

பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். துல்லியத்தை அமெரிக்கா முன்பு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. உடனே, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, இருப்பிடத்தை இணையத்தில் சொன்னார். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் இருக்கின்றன.

ரயில் பாதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பழைய ரயில் பாதைகளில் மேடு தெரியாமல் சைக்கிள் மிதிக்கலாம். வழியில் வரும் பாலங்கள், பழைய ஸ்டேஷன்கள் எல்லாம் தேடலுக்கு நல்ல அடையாளங்கள். சிங்கப்பூரில் 2011இல் நிறுத்தப்பட்ட மலாயா ரயில் பாதை, இன்று 24 கி.மீ. பசுமை வழித்தடம். அங்கே பலர் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

நம்ம ஊரில் அப்படி ஒரு பாதை இருக்கிறதா?

இல்லை. 1927இல் வந்த விருதுநகர் - தென்காசி மீட்டர்கேஜ் பாதை கைவிடப்படவில்லை, அகலப்பாதையாக மாற்றப்பட்டது. பொதிகை எக்ஸ்பிரஸ் இன்றும் அதில்தான் ஓடுகிறது. தண்டவாளப் பகுதியில் அனுமதியின்றி நுழைந்தால், ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

மலைப் பக்கம் போனால்?

மேற்கே இருப்பது 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். டப்பா வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஊருக்குள் வைத்தால்?

கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட், பாலத்தின் அடியில் எல்லாம் கூடவே கூடாது. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், யாரோ மறைத்து வைத்த ஜியோகேச் டப்பாவை வெடிகுண்டு எனச் சந்தேகித்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். கூட்டம் கூடும் கோயில் நகரத்தில் ஒரு ‘மர்ம டப்பா’ என்ன பதற்றத்தை உண்டாக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போ என்னதான் செய்வது?

* தெரிந்தவரின் தோப்பு, கல்லூரி வளாகம் போன்ற இடங்களில் உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே வையுங்கள்.
* உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான டப்பாவாக இருக்கட்டும். மேலே ‘ஜியோகேச்’ என்று எழுதி ஒட்டுங்கள்.
* மண்ணைத் தோண்டிப் புதைப்பது விளையாட்டு விதிக்கே எதிரானது. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.
* டப்பாவே வேண்டாம் என்றால் ‘எர்த்கேச்’ இருக்கிறது. அந்த இடத்தின் பாறை, மண், நீர் பற்றிய கேள்விகளுக்கு நேரில் பார்த்துப் பதில் அனுப்பினால் போதும். இதை உருவாக்கவும் இடத்துக்குரியவர்களின் அனுமதி தேவை.

சிங்கப்பூர் மாதிரி பழைய ரயில் பாதை நமக்கு இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நம்ம ஊருக்கு இன்னும் ரயில் வருகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சைக்கிளைத் தண்டவாளத்துக்கு வெளியே ஓட்டினால் போதும்!