இறகு வைத்த புற்று



ராஜகிரி மலையடிவாரத்தில் எங்க கொல்லை ஓரமா ஒரு எறும்புப் புற்று இருக்கு. வாசலைச் சுற்றிக் கோழி இறகும் செத்த எறும்பும் கிடக்கும். குப்பைன்னு நினைச்சேன். போன லீவில் ஆறு எறும்பைப் பிடித்து, பாட்டிலில் மண் போட்டு, சர்க்கரை வைத்து வளர்த்தேன். நாலே நாளில் எல்லாம் செத்துப்போச்சு. அழுகையா வந்தது.

அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அது டயகம்மா வகை எறும்பாம். இறகில் விடியற்காலைப் பனித்துளி தங்கும், அதைத்தான் குடிக்கும். மாஃபெட் என்ற ஆய்வாளர் 1985-ல் இதை எழுதியிருக்கிறார். நானோ தண்ணீரே வைக்கலை!

இதில் தனி ராணி கிடையாது. மார்பில் இரண்டு சின்ன மொட்டு உள்ள ஒரே எறும்புதான் கூட்டத்துக்குத் தாய். மற்றவை பிறந்ததும் அவற்றின் மொட்டைக் கடித்து எடுத்துவிடுமாம். அந்த ஒன்றைத் தெரியாமல் பிடித்துவிட்டால் கூட்டத்தில் குழப்பம் வரும்.

கொல்கத்தா ஐசர் ஆய்வகத்தில் இவ்வகை எறும்புகளை வளர்த்து ஆராய்கிறார்கள். நான் இப்போ பிடிப்பதில்லை. காலையில் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். வளர்க்க ஆசைப்பட்டால் முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

இறகு வைத்த புற்றைக் கண்டால் கலைக்காதீங்க, எனக்குச் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி