குடிசைக்கு வயது என்ன? தாராவித் தமிழர் கண்ட சட்டங்கள்

"உங்க ஜோப்படா எந்த வருஷத்துது?"

தாராவியில் வீடு வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி இது. பெண் கொடுக்க வருகிறவரும் இதைக் கேட்காமல் போவதில்லை. அறை எத்தனை அடி, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் பிறகுதான். 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதிக்கு முந்தியது என்று காட்டக் காகிதம் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு. இல்லாவிட்டால் வேறு மதிப்பு. சுவரும் தகரமும் இரண்டுக்கும் ஒன்றுதான்!

ஒரு மனிதன் குடியிருக்கும் இடத்துக்குத் தேதி பார்க்கும் இந்த வழக்கம் எப்போது வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தோல் கொண்டுவந்த கூட்டம்

தாராவி முதலில் மீனவர் ஊர். 1909-ல் வெளிவந்த பம்பாய் நகர கெஜட்டியர், பெரிய கோலிவாடாக்கள் ஆறில் ஒன்றாக இதைக் குறிக்கிறது. மாகிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம். நகரத்துக்கு வேண்டாத தொழில்களை ஒதுக்கிவைக்க வெள்ளைக்காரன் ஆட்சிக்கு இப்படி ஓர் இடம் தேவைப்பட்டது. அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் முதன்மையானது தோல் பதனிடும் தொழில்.

பக்கத்திலேயே பாந்திரா இறைச்சிக் கொட்டகை. அங்கிருந்து உப்புப் போட்ட தோல் வரும். தொட்டியில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் களைந்து, சதை சீவி, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்த வேண்டும். முழங்கால் மட்டும் அந்தத் தண்ணீரில் நின்று செய்யும் வேலை. இதற்கு வந்தவர்கள் யார்? வட ஆற்காட்டு முஸ்லிம்களும், திருநெல்வேலிச் சீமையின் ஆதி திராவிட மக்களும். ஊரில் தோலைத் தொட்டதற்காகத் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இங்கே அதே தோல் வாரக் கூலி கொடுத்தது. நாற்றம் என்று மூக்கைப் பிடித்தவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால், "இந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்காதே" என்று சொல்ல இங்கே மிராசுதார் இல்லை.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெருக்கடியான குடியிருப்புகளை இடித்த அதே டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா, வடாலா பகுதிகளில் அகலமான தெருக்களும் மரங்களும் தோட்டங்களுமாகப் புதுப் பேட்டைகளைப் போட்டது. மாட்டுங்காவின் அந்தக் கட்டடங்களில் ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்த தமிழ்க் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கோயில், பள்ளி, இட்லிக் கடை எல்லாம் வரிசையாக வந்தன.

ஆக, மத்திய ரயில்வே தண்டவாளத்துக்குக் கிழக்கே திட்டம் போட்டுக் கட்டிய மாட்டுங்கா. மேற்கே யாரும் திட்டம் போடாத தாராவி. இரண்டிலும் தமிழர்.

1947-ல் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் 1-ம் தேதி வாடகையே அளவுகோல் ஆயிற்று. வீட்டுக்காரர் நினைத்தபோது வாடகையைக் கூட்டவோ குடித்தனக்காரரை வெளியேற்றவோ முடியாது. மாட்டுங்காவில் குறைந்த வாடகையில் பேரன் காலம்வரை குடியிருந்த குடும்பங்கள் இந்தச் சட்டத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவர்களிடம் வாடகை ரசீது இருந்தது.

தாராவிக்காரரும் வாடகை கொடுத்தார். வாரம் தவறாமல் கொடுத்தார். ஆனால் வாங்கிக்கொண்டவர் ரசீது கொடுக்கவில்லை. நிலம் அவருடையதே அல்ல, எப்படிக் கொடுப்பார்? முனிசிபாலிட்டியின் 1888-ம் ஆண்டுச் சட்டத்திலோ, பொது இடத்தை அடைத்திருப்பதை நோட்டீஸ் இல்லாமலே அகற்றலாம் என்று ஒரு பிரிவு. எண் 314. ஒரே ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்த இரண்டு பேரில் ஒருவர் சட்டப்படி குடித்தனக்காரர், மற்றவர் ஆக்கிரமிப்பாளர்.

1976: எண்ணினார்கள், இடித்தார்கள்

குடிசை என்றால் இடிப்பது என்ற நிலை 1971-ல் சற்று மாறியது. மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிகள் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. இடித்துக்கொண்டே இருந்தால் முடியாது, தண்ணீரும் கக்கூசும் விளக்கும் கொடுத்துச் சீர்படுத்தலாம் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1976 ஜனவரி 4-ம் தேதி பம்பாய்க் குடிசைகளை ஒரே நாளில் எண்ணினார்கள். சுமார் 28 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். எண்ணப்பட்டவர்களில் மாநில அரசு நிலத்திலும் மாநகராட்சி நிலத்திலும் இருந்தவர்களுக்குக் குடும்பப் படம் ஒட்டிய அட்டை கிடைத்தது. நம்மவர்கள் பேச்சில் அதுதான் 'போட்டோ பாஸ்'. தேதியின் ஆட்சி அன்றைக்குத் தொடங்கியது.

அட்டை இருந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அதே ஆண்டு மே மாதம் பாடம் கிடைத்தது. செம்பூரை அடுத்த மான்குர்தில் ஜனதா காலனி என்று ஒரு பெரிய குடியிருப்பு. நகரத்திலிருந்து முன்பு அப்புறப்படுத்தப்பட்டவர்கள்தான் அங்கே இருந்தார்கள். அந்த நிலம் அணுசக்தித் துறைக்கு வேண்டும் என்றார்கள். நெருக்கடி நிலைக் காலம். போலீஸ் புடைசூழ சுமார் 70,000 பேர் ஜனதா காலனியிலிருந்து கிளப்பப்பட்டு, சீட்டா கேம்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்தக் காலனியை எதிர்த்து நிற்கவைத்தவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், ஜோக்கின் அற்புதம். 1960-களில் பிழைப்புத் தேடி வந்து தச்சு வேலை செய்தவர். குப்பையை அள்ள மாநகராட்சி வராதபோது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் குப்பையை மாநகராட்சி ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டியவர்! காலனியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் குடிசைவாசிகளின் தேசியச் சம்மேளனத்தை வளர்த்தார். "அரசாங்கம் நம்மை எண்ணுமுன் நாமே நம்மை எண்ணிக்கொள்வோம்" என்பதே அவருடைய வழி. 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2018 அக்டோபரில் காலமானார். தாராவிக்காரர்கள் இவர் வழியை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பஸ்ஸில் ஏற்றப்பட்ட சேலத்துக்காரர்

1981 ஜூலை. கொட்டும் மழை. நடைபாதைக் குடிசைகளை இடித்து, இருப்பவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவது என்று முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். சேலத்திலிருந்து 1961-ல் வந்த ஒரு தொழிலாளி. ஊரில் வறட்சியால் வேலை இழந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட அவருடைய குடிசைக்கே 2,500 ரூபாய் கறந்திருந்தான் ஒரு தாதா. ஜூலை 23-ல் குடிசை போயிற்று. மனைவி, மூன்று பெண்களோடு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். குடும்பம் ஊரில் தங்கியது. அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் ஒண்டினார். வேலை இங்கேதானே இருக்கிறது!

அவர் உள்ளிட்டோரின் வழக்கும், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் போட்ட வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் விசாரிக்கப்பட்டன. 1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தீர்ப்புச் சொன்னார். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

சேலத்துக்காரருக்கு என்ன கிடைத்தது? நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழை முடிந்து அக்டோபர் 31 வரை அவகாசம். 1976 கணக்கெடுப்பு அட்டை உள்ளவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். மறுபடியும் அட்டை, மறுபடியும் தேதி.

இலவச வீடு வந்த கதை

1985 டிசம்பரில் பம்பாய் வந்த பிரதமர் ராஜீவ் காந்தி 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் தாராவிக்கு 37 கோடி. சில கட்டடங்கள் எழுந்தன. ஆனால் வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

1995-ல்தான் பெரிய திருப்பம். 1966-ல் தோன்றியபோது தென்னாட்டுக் குமாஸ்தாக்களுக்கு எதிராகக் கொடி பிடித்த சிவசேனைதான் பாரதீய ஜனதாவோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்து, பம்பாயை மும்பை ஆக்கியது. 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்றதும் அதே ஆட்சிதான். 1995 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்களுக்கு 225 சதுர அடி. கட்டும் பில்டர் மீதி இடத்தை விற்று லாபம் எடுத்துக்கொள்ளலாம். தமிழனா மராட்டியனா என்று சட்டம் கேட்கவில்லை. தேதியை மட்டும் கேட்டது. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. குடித்துவிட்டு வீட்டைக் கைமாற்றிவிடும் ஆண்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தேதி பிறகு 2000 ஜனவரி 1-க்கு நகர்ந்தது. அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குப் பணம் கட்டினால் வீடு என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் தேதி நகரும் என்று காத்திருப்பதும் ஒரு பிழைப்பாகிவிட்டது.

பெயரில் வந்த வினை

தேதிக்குக் காகிதம் வேண்டும். காகிதத்தில் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழனுக்குச் சிக்கல் இங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர். மராட்டிப் பாரத்தில் மூன்று கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், ஆட்நாவ் எனும் குடும்பப் பெயர். மூன்றாவது கட்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது? கேட்ட குமாஸ்தாவுக்குச் சாதியைச் சொன்னார்கள். 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு கழற்றச் சொன்ன சாதிப் பட்டம், தாராவி ரேஷன் கார்டில் ஏறி உட்கார்ந்தது. சிலர் ஊர்ப் பெயரைக் கொடுத்தார்கள். சிலருக்குத் தாத்தா பெயரே குடும்பப் பெயர் ஆயிற்று. ஒரே மனிதர் வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், லைட் பில்லில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். சர்வேக்காரர் முன்னால் அவர் மூன்று பேர்!

தொட்டி போயிற்று, பை வந்தது

இதற்கிடையே இவர்களைக் கொண்டுவந்த தொழிலும் உருமாறியது. 1971-ல் இறைச்சிக் கொட்டகை பாந்திராவிலிருந்து தேவநாருக்குப் போயிற்று. 1973-ல் பச்சைத் தோல் ஏற்றுமதியை மத்திய அரசு தடுத்தது. முடித்த பொருளாக அனுப்பு என்றது. பதனிடும் தொட்டிகள் படிப்படியாகத் தாராவியை விட்டு மறைந்தன. இன்று சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வரும் தோலைப் பையாகவும் பெல்ட்டாகவும் பர்ஸாகவும் தைக்கும் பட்டறைகளே அங்கே மிகுதி. 2015 மார்ச்சில் காளை, எருது வெட்டவும் மகாராஷ்டிரம் தடை விதித்தபோது, எருமைத் தோலை நம்பியே உள்ளூர்ச் சரக்கு என்றாயிற்று.

பட்டறைகள் பெரும்பாலும் ஏணி வைத்த மாடிகளில். கீழே ஒரு குடும்பம், மேலே தையல் மிஷின்கள், இரவில் அங்கேயே பையன்களின் பாய். இந்த மாடிதான் இப்போதைய வழக்கு.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. கம்பெனியில் அவர்களுக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-க்கு முந்திய கீழ்த்தளக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவருக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர் 2022 நவம்பர் 15-க்கு முன் வந்திருந்தால் வெளியே வாடகை வீடு. தவணை கட்டி அதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அந்த 'வெளியே' என்பதற்கு ஒதுக்கிய இடங்களில் குர்லா பால் பண்ணை நிலம் உண்டு, கிழக்குப் புறநகர் உப்பளங்கள் உண்டு, தேவநார் குப்பை மேடும் உண்டு.

மாடிப் பட்டறையில் இருபது வருஷம் பை தைத்தவருக்குத் தேவநாரில் வீடு கிடைக்கலாம். மிஷினை எங்கே போடுவது என்பதற்கு இன்னும் அவரிடம் பதில் இல்லை. வாடகை ரசீது கொடுக்காத கீழ்வீட்டுக்காரரிடம், தான் மேலே இருந்ததாக ஒரு சீட்டு எழுதித் தரும்படி அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.