கறவை மாட்டிற்குக் கைப்பேசி வழியே மருத்துவ உதவி

ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, நோயைவிட மருத்துவமனையின் தூரமே பெரிய இடையூறாகும். கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் பால் காய்ச்சல் கண்ட பசு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். அதை ஓட்டிச் செல்ல இயலாது. மருத்துவர் விரைவில் வந்து கால்சிய மருந்தைச் சிரை வழியே செலுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும், தாமதித்தால் உயிரிழக்கும். இந்தத் தாமதத்தைக் குறைக்கத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு உதவுகிறது என்பதைக் காண்போம்.

சென்னையில் தோன்றிய முயற்சிகள்

சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998-ல் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தியது. அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கம்பியில்லாத் தொலைபேசி முறையின் உதவியால், 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் கணினி நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றிலிருந்து கால்நடை மருத்துவர்களிடம் ஆலோசனை பெறவும் வழி செய்யப்பட்டது. அன்று நோயுற்ற கால்நடையைக் கணினி இருக்கும் இடத்திற்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இன்று கைப்பேசி தொழுவத்திற்கே வந்துவிட்டது.

1962 என்னும் எண்

கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962 ஆகும். தமிழ்நாட்டில் 2024-ல் 245 நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் இச்சேவைக்கெனத் தொடங்கி வைக்கப்பட்டன. பொத்தான் கைப்பேசியிலிருந்தும் அழைக்கலாம். ஊர்தி எப்போது வரும் என்பதைத் தவறாது கேட்டறிய வேண்டும். தாமதமாகுமெனில், உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுதல் நலம்.

அழைக்குமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்.
2. மாட்டின் வயது, எத்தனையாவது ஈற்று, சினையாயின் எத்தனை மாதம், கன்று ஈன்ற நாள்.
3. தீனி எடுத்தல், அசை போடுதல், சாணம், சிறுநீர், பாலின் அளவு ஆகியவற்றில் கண்ட மாறுதல்.
4. உடல் வெப்பநிலை. வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டிற்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பானது.
5. முன்பு போட்ட ஊசி, கொடுத்த மருந்து. கை மருந்தாயினும் மறைக்கலாகாது.

படம் எடுக்கும் முறை

மாட்டை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, முதலில் முழு உருவத்தையும் இடப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். வயிறு உப்புசம் இடப்பக்கமே முதலில் தெரியும். பின்னர் வாய், குளம்பு, மடி என நோய் கண்ட இடத்தை அருகிலிருந்து எடுக்கலாம். நொண்டுதலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் அரை நிமிட அசைபடம் எடுத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

படம் போதாத நேரங்கள்

ஈன முடியாமல் தவித்தல், கருப்பை வெளித்தள்ளுதல், கடும் உப்புசம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றிற்குப் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருத்தல் கூடாது. மருத்துவர் நேரில் வந்தாக வேண்டும். படுத்துவிட்ட மாட்டிற்கு வாய் வழியே கஞ்சியோ மருந்தோ ஊற்றலாகாது. அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே தீங்காகும். மாடு திடீரென இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். இந்நோய் மனிதரையும் தாக்கும். உடலை அறுக்காமலும் தோலை உரிக்காமலும் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கைப்பேசி மருத்துவருக்கு மாற்று ஆகாது. மருத்துவரை விரைவில் அழைத்து வரும் கருவியே அது. ஆகவே 1962 என்னும் எண்ணையும், உள்ளூர்க் கால்நடை உதவி மருத்துவரின் எண்ணையும் இன்றே தொழுவத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்து, விவசாயப் பெருமக்கள் தத்தம் கால்நடைச் செல்வத்தைக் காத்துப் பயனடைவார்களாக.