11 மாத ஒப்பந்தம் யாருக்குப் பாதுகாப்பு?

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகை அக்ரிமென்ட் என்றால் 11 மாதம். ஏன் 11 என்று உரிமையாளரும் கேட்பதில்லை, குடியிருப்பவரும் கேட்பதில்லை. காரணம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது அதன் 17ஆவது பிரிவு. அந்தச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழிதான் 11 மாதம். இரு தரப்பில் யாருடைய பாதுகாப்பையும் நினைத்து வந்த எண் அல்ல அது. ஆண்டுதோறும் தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவதைப் 'புதுப்பித்தல்' என்கிறோம். வேலை நிமித்தம் ஓரிரு வருடம் தங்கிப் போகிறவருக்கு இது போதும். பிள்ளையின் பள்ளிப் படிப்பு முடியும்வரை, வயதான பெற்றோர் பழகிய தெருவை விட்டு நகராமல் ஒரே வீட்டில் இருக்க நினைப்பவருக்குப் போதாது. அவர் அடுத்த புதுப்பித்தலில் மூன்றாண்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி.

இதைச் சொல்லத் தூண்டுவது சட்டத்தில் நேர்ந்த மாற்றம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவருக்குச் சட்டமே அரணாக நின்றது. காகிதத்தில் என்ன காலம் எழுதியிருக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் அந்தச் சட்டம் போய், நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எல்லா வாடகை ஒப்பந்தமும், 11 மாதமானாலும், எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். அப்படிப் பதியாத காகிதத்தை வைத்து இந்தச் சட்டத்தின் உரிமைகளைக் கோர முடியாது. குறித்த காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் நீடிக்கலாம். அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குப் பிறகும் இருப்பவரிடம் உரிமையாளர் இருமடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம். அதாவது முன்பு சட்டம் தந்த பாதுகாப்பை இன்று ஒப்பந்தம்தான் தர வேண்டும். அதில் எழுதிய காலம் எவ்வளவோ, நம் நிம்மதியும் அவ்வளவே.

"எங்கள் ஓனர் தங்கமானவர், பத்து வருடமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குடியிருப்பவருக்குச் சிக்கல் பெரும்பாலும் அவரால் வருவதில்லை. அவருக்குப் பின் வருகிறவர்களால் வருகிறது. வீட்டை விற்றால், வாங்குகிறவர் நடப்பிலுள்ள குத்தகைக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் அப்போது எஞ்சியிருப்பது நாலைந்து மாதமாக இருக்கும். மூன்றாண்டுக் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிந்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியும். 'எனக்குத் தெரியாதே' என்று வாங்குபவர் சொல்ல முடியாது. கடன் கட்டாத வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். ஓராண்டுக்கு மேல் குடியிருக்க உரிமை உண்டு என்பவர் பதிவு செய்த பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்திடும் முன் வில்லங்கச் சான்று எடுத்து, வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் ஒப்புதலையும் கேளுங்கள். மாத வாடகை இல்லாமல் லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து 'லீஸ்' என்று குடியேறுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அவ்வளவு பணத்தைப் பதிவில்லாத ஒரு தாளை நம்பிக் கொடுப்பதைத் துணிச்சல் என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

செலவுக்கு வருவோம். மாத வாடகை 15,000 ரூபாய், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்று வைத்துக்கொண்டால் மூன்றாண்டு வாடகை 5,67,450 ரூபாய். 30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11,350 ரூபாய். அட்வான்ஸ் தொகையும் கணக்கில் சேர்ந்தால் சிறிது கூடும். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 315 ரூபாய். ஒருமுறை வீடு மாறினால் புரோக்கர் கமிஷனாக ஒரு மாத வாடகை, பழைய வீட்டுக்குப் பெயின்டிங் என்று அட்வான்ஸில் பிடிக்கும் இன்னொரு மாத வாடகை, வண்டிக்கூலி என்று 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். மூன்றாண்டில் ஒரே ஒரு இடமாற்றம் தவிர்ந்தாலும் பதிவுச் செலவு ஒன்றுமே இல்லை. அதை முழுவதும் நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னால் உரிமையாளரின் முதல் தயக்கம் நீங்கிவிடும்.

அவருடைய இரண்டாவது தயக்கம் ஆழமானது. 'நீண்ட காலம் எழுதிக்கொடுத்தால் வீட்டையே பிடித்துக்கொள்வார்கள்' என்ற பயம் பழைய சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளிலிருந்து வந்தது. அன்று அதற்கு நியாயமும் இருந்தது. இன்று பதிவு செய்த மூன்றாண்டு ஒப்பந்தம் உரிமையாளருக்கும் சாதகம். குடியிருப்பவர் வாடகைதாரர்தான், காலம் இன்ன தேதியில் முடிகிறது என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. சந்தை வாடகை ஏறினால் நஷ்டமாகுமே என்பார். அதற்குத்தான் ஆண்டு உயர்வை ஒப்பந்தத்திலேயே எழுதுவது. சந்தையைவிட அரை சதவீதம் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் பேரம் மோசமில்லை. குடியிருப்பவர் பக்கத்திலும் ஒரு தடை உண்டு: நடுவில் வேலை மாறினால் என்ன செய்வது? காலம் குறித்த குத்தகையில் இடையில் வெளியேறும் உரிமையை எழுதாவிட்டால் மிச்ச வாடகைக்கும் பொறுப்பாக வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு மாத முன்னறிவிப்புடன் குடியிருப்பவர் விலகலாம் என்ற விதியைக் கேட்டு வாங்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இது முழுக்காப்பு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களுக்கு ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே வாடகை நீதிமன்றத்தை அணுகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காரணத்தை அவர் அங்கே நிரூபிக்க வேண்டும். காலம் முடிந்த ஒப்பந்தத்தில் அந்தச் சிரமம் அவருக்கு மிகக் குறைவு.

மூன்றாண்டுக்குப் பிறகு என்ன என்பதும் இப்போதே தீர்மானிக்க வேண்டியது. 'இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம்' என்ற வழக்கமான வரியால் பயனில்லை. சம்மதித்தால் எந்த வரியும் தேவையில்லையே. குடியிருப்பவர் விரும்பினால் மேலும் இத்தனை ஆண்டு, வாடகை இன்ன கணக்கில், இன்ன தேதிக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று தெளிவாக இருந்தால்தான் அது உரிமை. அந்தத் தேதியைத் தவறவிட்டால் உரிமையும் போய்விடும். புதுப்பித்த காலத்துக்குப் புதிய பத்திரமும் புதிய பதிவும் வேண்டும். சட்டமும் நடப்புக் காலம் முடிவதற்கு முன்பே புதுப்பிக்கக் கேட்கச் சொல்கிறது; எனவே மூன்று மாதம் மீதமிருக்கும்போதே உரிமையாளரிடம் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.