சயனைடு மலையும் சுண்ணாம்பும்

தங்கவயல் என்றதும் நம்மில் பலருக்கு ஆழமான சுரங்கம்தான் நினைவுக்கு வரும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் போகிறவர்கள் கண்ணில் படுவதோ சாம்பல் நிற மேடுகள். ஊர்க்காரர்கள் 'சயனைடு மலை' என்பார்கள். ரயில்வே பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ரசாயனம் தொழில் அல்ல. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டு மிரளும் பேரப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வந்தார்கள். இடித்த கல்லிலிருந்து பாதரசத்தால் தங்கத்தைப் பிடித்தார்கள். அதற்குச் சிக்காத பொடித் தங்கத்துக்குச் சயனைடு வந்தது. 1887-ல் கிளாஸ்கோவில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்ட முறை அது. கந்தக அமிலத்துக்கே அசையாத தங்கம், நீர்த்த சயனைடு கரைசலில், காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையோடு கரைந்துவிடும்!

ஆபத்தும் அங்கேதான். சயனைடு கரைசலில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷ வாயு கிளம்பும். பெரிய அமிலம் வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து உண்டாகும் கார்பானிக் அமிலமே போதும். சோடா பாட்டிலில் இருப்பதுதான் அது. ஆகவே சுண்ணாம்பு சேர்த்து, பி.எச். அளவை 10-க்கு மேல் வைப்பார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி சிவக்கிறதே, அதே காரத்தன்மை.

1923-ல் பிரான்ஸ்டெட்டும் லோரியும் தனித்தனியே சொன்னார்கள்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். அதே ஆண்டில் லூயிஸ் இன்னும் ஒரு படி போனார். எலெக்ட்ரான் ஜோடியைக் கொடுப்பது காரம், வாங்குவது அமிலம் என்றார். அவர் கணக்கில் தங்க அயனியும் ஓர் அமிலம்! இரண்டு சயனைடுகள் அதைக் கட்டிக்கொள்வதால்தான் தங்கம் கரைகிறது. புரோட்டான் கிடைத்தால் சயனைடு அதையும் பிடிக்கும்; விஷ வாயுவாகும். சுண்ணாம்பு புரோட்டானை அண்டவிடாமல் தடுக்கிறது. எவ்வளவு எளிய காவல் பாருங்கள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகளில் மிஞ்சியிருப்பது 3 கோடி டன்னுக்கு மேல். வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் சிதைந்துபோகும். என் கவலை, கோடைக் காற்றில் வீடுகளுக்குள் வரும் சிலிக்காத் தூசியைப் பற்றித்தான்; அது சிதைவதில்லை, நுரையீரலில் தங்கிவிடும்.

2024 ஜூனில், 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை வரும் என்று நம் சொந்தங்கள் மகிழ்கிறார்கள், எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் சயனைடு முறைதான் மறுபடியும் என்றால் கேட்கவேண்டியவை உண்டு. பி.எச். அளவை யார் தினமும் பார்ப்பார்கள்? கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகும்? மேட்டைக் கிளறும்போது தூசியை எப்படி அடக்குவார்கள்?